முகம் காட்டாத ஷேரி

"மூண்டு வருசமா வாலைத்தான் பாக்கிறன் தம்பி. ஒரு நாளாவது முகத்தைக் காட்டுதே? மரியாதை தெரியாத பிறவியள்!"

காலைல பல்லு விளக்கும்போது ஒரு தடவ. கம்பெனி வேன்ல ஏறி உக்காந்ததும் ஒரு தடவ. சாயங்காலம் டீய ஆத்தும்போது ஒரு தடவ. ரூமுக்குப் புதுசா வர்ற ஆளு, ஏதோ பொம்பள சமாச்சாரம்னு நெனச்சு, கட்டில்ல ஒரு சாண் நகந்து உக்காந்துக்குவான். நானும் வந்த புதுசுல நகந்தவன்தான்.

அவரு சொன்னது மீன. ஷேரி மீன. நம்மூர்ல விளமீன்னு சொல்லுவோம்ல, அது.

வல்லிபுரம் அண்ணனுக்கு நாப்பத்தெட்டு வயசு. யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். ஷார்ஜாவுல ஒரு சர்வே கம்பெனில டாக்குமென்ட் கன்ட்ரோலர். அதாவது ஆபீசுக்குள்ள வர்ற ஒவ்வொரு பேப்பருக்கும் நம்பர் போட்டு, தேதி முத்திரை குத்தி, ஃபைல்ல படுக்க வைக்கிற வேல. ஷார்ஜா முவைலா ஏரியாவுல எங்க ரூம்ல மூணே பேரு. அவரு, லாண்டரி வேன் ஓட்டுற மன்னார்குடி ஐயப்பன் அண்ணன், அதே சர்வே கம்பெனில ஜெராக்ஸ் மிஷின் பாத்துக்கிற நான், பாஸ்கர். எங்க ரூம் ஊறுகா பாட்டில்ல 'திறந்த தேதி 14-11-2004'னு சீட்டு ஒட்டியிருக்கும். கீழ கையெழுத்தும் இருக்கும்.

இப்படிப்பட்ட மனுசன் கையில ஒரு தூண்டிலக் குடுத்தது பார்க்கின்னு எங்க கம்பெனி வெள்ளக்கார இன்ஜினியர். புழு கெடையாது, எறா கெடையாது. நூலாலயும் முடியாலயும் கட்டுன ஒரு பொய்ப் பூச்சி. பார்க்கின் அத 'ஃப்ளை'ம்பாரு. வல்லிபுரம் அண்ணன் 'இலையான்'ம்பாரு, ஈக்கு அவங்க ஊர்ப் பேரு. அந்தப் பூச்சிக்கு எடையே கெடையாது, அதனால சும்மா எறிஞ்சா போகாது. தடியான கயித்தப் பின்னால சுழட்டி, அது நீட்டமா விரியிற வரைக்கும் பொறுத்து, முன்னால விடணும். மூணு வருசம் பார்க்கினுக்குப் பெட்டி தூக்குனாரு, கத்துக்கிட்டாரு, அப்பப்போ எறிஞ்சும் பாத்தாரு. வால் வந்துச்சு. முகம் வரல.

பார்க்கின் தோஹாவுக்கு மாத்தலாகிப் போகும்போது ஒரு கண்டிஷன் போட்டுட்டுப் போனாரு. அத நான் அவரு கொரல்லயே சொல்றேன், மூக்கு வழியா: "வல்லி! மார்ச் முப்பத்தொண்ணாம் தேதி என் ஃப்ரெண்டு வந்து தூண்டில வாங்கிக்குவான். அதுக்குள்ள இதே தூண்டில்ல ஒரு ஷேரி புடிச்சு, கையில வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தூண்டில் உன்னுது!"

இதுல என்ன கஷ்டம்னு கேப்பீங்க. கஷ்டம் வெள்ளிக்கெழமை.

எங்களுக்கு லீவு வெள்ளிக்கெழமை ஒரு நாள்தான். வல்லிபுரம் அண்ணனுக்கு அம்மனுக்காக வெள்ளிக்கெழமை சைவம். சனிலேர்ந்து வியாழன் வரைக்கும் தலையும் முள்ளுமா மீனத் தின்பாரு. வெள்ளிக்கெழமை மீன் பாத்தரத்தக் கூடத் தொடமாட்டாரு, கரண்டிய நீட்டித் தள்ளி வைப்பாரு. பதினேழு வருசப் பழக்கம். ஆக, புடிக்கிறது வெள்ளிக்கெழமை. தொடக் கூடாதது வெள்ளிக்கெழமை. போட்டோவுல கையில இருக்கணும்.

"அப்ப எப்படிண்ணே?"ன்னு கேட்டேன்.

"கை எண்டுதானே சொன்னவர்? ஆற்றை கை எண்டு சொல்லேல்லை. அதுக்குத்தானே தம்பி நீர் இருக்கிறீர். உம்மட கையை இப்பிடி என்ரை கைக்குக் கிட்ட வச்சா, படத்திலை ஆற்றை கை எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஆபீஸ்ல ஒரு புள்ளி தப்பா இருந்தா பேப்பரத் திருப்பி அனுப்புற ஆளு பேசுற பேச்சு இது! இப்படியாக நான் வல்லிபுரம் அண்ணனோட 'கை'யா நியமனம் ஆனேன். சம்பளம், போக வர ஓசி சவாரி.

சவாரி ஐயப்பன் அண்ணன் வேன்ல. வெள்ளிக்கெழமை காலைல உம் அல் குவைன்ல ஒரு ஹோட்டலுக்குச் சலவத் துணி எறக்கணும். போற வழியில ஆறரைக்கு எங்கள அங்க ஒரு கழிமுகத்துல எறக்கி விடுவாரு. பதினோரு மணிக்கு வந்து அள்ளிக்குவாரு. வேன்ல துணி மூட்டைக்கு நடுவுல ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். உள்ள மொளகாத்தூள், மஞ்சத்தூள், ரெண்டு எலுமிச்சம்பழம். ஒவ்வொரு வாரமும் அந்த டப்பா எங்க கூட வரும், பிரியாமலே திரும்பும்.

"யோவ் வல்லிபுரம், புடிச்சா தண்ணிலயே விட்டுருவேங்கிற. அப்ப எதுக்குய்யா புடிக்கிற?"

"தின்னுறதெண்டா மாக்கெட்டிலை வாங்கலாம் ஐயப்பன். அதுக்கு ஏன் நான் முழங்கால் தண்ணியிலை நிக்கோணும்?"

"அதத்தான்யா நானும் கேக்குறேன்!"

வாரம் முழுக்க பயிற்சி. எங்க பில்டிங்குக்குப் பின்னாடி வெறும் மணல் கட்டாந்தரை. சாயங்காலம் அஞ்சரைக்கு ஆபீஸ் சட்டையோட, பாக்கெட்ல மூணு பேனாவோட, சாரத்த, அதான் லுங்கிய, மடிச்சுக் கட்டிட்டு நிப்பாரு. கயித்து நுனில செகப்பு உல்லன் நூலு. "ஒண்டு… ரெண்டு… பொறு… விடு." பக்கத்துல பாகிஸ்தான் பட்டாணி டிரைவருங்க டீ கிளாசோட வரிசையா உக்காந்து, நல்லா விழுந்தா "ஷாபாஷ்"ம்பாங்க. ஒரு பழுப்புப் பூனை உல்லன் நூலப் புடிக்கப் பாயும். பூனை அவர்கிட்ட மாட்டுனது நாலு தடவ. அதையும் நோட்டுல எழுதி வச்சிருக்காரு.

பூச்சி கட்டுறதுக்கு சாமான் ரூம்லேர்ந்துதான். கீழ தையக்கடையில மிஞ்சுன ஜரிகை. தலகாணிப் பஞ்சு. ஐயப்பன் அண்ணனோட ஷேவிங் பிரஷ் மாசா மாசம் எளச்சுக்கிட்டே வந்துச்சு. "பிரஷ்ஷுக்கு சுகர் வந்துருச்சாடா?"ன்னு அவரு என்னக் கேப்பாரு. நான் கூரையப் பாப்பேன்.

அந்தக் கழிமுகத்தப் பத்திச் சொல்லணும். தண்ணிக்கடியில புல்லு. தட்டையா, பச்சையா, கணக்கு வழக்கில்லாம. ஓதம் ஏறும்போது மொழங்கால் தண்ணில ஷேரி மேய வரும். தலையப் புல்லுக்குள்ள குத்தி நண்டத் தோண்டும். தலை கீழ போனா வால் மேல வரணும்ல? தண்ணிக்கு மேல ஒரு சாண் நீட்டிக்கிட்டு வால் ஆடும். வெயில் பட்டா மின்னும். அதப் பாத்ததும் வல்லிபுரம் அண்ணன் நடை மாறிடும். காலத் தூக்கவே மாட்டாரு. தரையோட தேச்சு தேச்சு இழுப்பாரு, திருக்கை கெடந்தா நகந்து போகட்டும்னு. வெயில முதுகுக்கு வச்சுக்குவாரு. மூச்சு கூட மடிச்சு வச்ச மாதிரி இருக்கும்.

ஒரு தடவ கேட்டேன், இம்புட்டு பாடுபட்டு இங்க நிக்கிறதுல என்னண்ணே இருக்குன்னு.

"ஊரிலை கடலுக்கை இறங்கிறதெண்டா ஆமிக்காரன்ரை பாஸ் வேணும் தம்பி. இஞ்சை மூண்டு வருசமா நிக்கிறன், ஒருத்தனும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. மீன் கூடக் கேக்கேல்லை."

சொல்லிட்டு நோட்டுல எழுதுனாரு: 'வெள்ளி 21. வால் ஆறு. முகம் இல்லை.'

இப்ப என் தப்பு ஒண்ண ஒத்துக்கணும். எனக்கு மத்தவங்க கொரலு வரும். மேனேஜர் சிவசங்கரன் சார் தொண்டையக் கனைக்கிறது, எங்க கஃபீல், அதாவது விசா குடுத்த அரபி, "கலாஸ், கலாஸ்"னு கைய உதர்றது, எல்லாம் வரும். ஜனவரில ஒரு நாள் கீழ குரோசரி போன்லேர்ந்து ரூம் லேண்ட்லைனுக்கு அடிச்சு, பார்க்கின் கொரல்ல "வல்லி! எனி ஃபிஷ்?"னு கேட்டேன். ஐயப்பன் அண்ணன் பெறகு சொன்னாரு, வல்லிபுரம் அண்ணன் எழுந்து நின்னு, சாரத்த எறக்கி விட்டு, "நோ சார். ஒன்லி டெயில் சார்"னு பதில் சொன்னாராம்.

அதோட விட்டுருக்கலாம். விடல.

பிப்ரவரி கடைசி வெள்ளி. பூச்சி வாலுக்கு முன்னாடி ரெண்டு முழம் தள்ளி பூ மாதிரி விழுந்துச்சு. மெல்ல இழுத்தாரு. வால் நின்னுச்சு. திரும்புச்சு. பூச்சி பின்னாடியே தண்ணி கூம்பா எழும்பி வந்துச்சு. இந்த எடத்துல தூண்டிலத் தூக்கவே கூடாது. கயித்தக் கையால நேரா இழுக்கணும், அப்பத்தான் முள்ளு மாட்டும். அவருக்குத் தெரியும். ஆயிரம் தடவ சொல்லியிருக்காரு. எனக்கு நாக்கு அரிச்சுது.

"நௌ, வல்லி, நௌ!"

பார்க்கின் கொரல் கேட்டதும் மனுசன் பழக்க தோசத்துல "சார்!"னு தூண்டில வானத்துக்குத் தூக்கிட்டாரு. பூச்சி மீன் வாயிலேர்ந்து வெளிய வந்து அவரு தொப்பில குத்துச்சு. மீன் போயிருச்சு.

அவரு திட்டல. நாலு நாளு என்கிட்டப் பேசவே இல்ல. என் தலகாணி மேல சீட்டு வரும். நம்பர் போட்டிருக்கும். 'பொருள்: உப்பு முடிந்தமை.' ரெண்டாவது சீட்டு, 'பொருள்: குளியலறை வாளி. நினைவூட்டல் ஒன்று.'

அஞ்சாவது நாள் ஒரு பொட்டலத்தப் பிரிச்சு வச்சாரு. அவரு சம்சாரம் வள்ளிநாயகி அக்கா ஊர்லேர்ந்து அனுப்புன புழுக்கொடியல். பனங்கிழங்க அவிச்சு வெயில்ல காய வைக்கிறது. மரக்கட்ட மாதிரி இருக்கும். ஒரு துண்டு மென்னு முடிக்க முக்கால் மணி நேரமாகும், அதுக்குள்ள தாடை பேசுற பழக்கத்தையே மறந்துரும்.

"இனிமே தண்ணியிலை கால் வைக்க முன்னம் இதை வாயிலை போடும். உம்மட வாய்க்கு நான் கண்டுபிடிச்ச ஒரே மூடி."

மார்ச்ல மூணு வெள்ளி போச்சு. ஒரு வாரம் காத்து. ஒரு வாரம் வாலே இல்ல. ஒரு வாரம் வால் பதினொண்ணு, எல்லாம் எட்டாத தூரம். மிச்சம் ஒரே வெள்ளி. இருபத்தஞ்சாம் தேதி.

அன்னிக்கு வேன்ல அவரு புலம்பக் கூட இல்ல. அதுதான் எனக்கு பயம். ஐயப்பன் அண்ணன் கூட டப்பாவப் பத்திப் பேசாம எறக்கி விட்டுட்டுப் போனாரு.

எட்டே முக்கால் வரைக்கும் தண்ணி சும்மா கெடந்துச்சு. பெறகு எங்களுக்கு முப்பதடி முன்னால ஒரே ஒரு வால், சோம்பலா ஆடிக்கிட்டு. எனக்கு வாயில புழுக்கொடியல். கையில துபாய் தேராவுல வாங்குன செகண்ட் ஹேண்ட் கேமரா போன். அண்ணன் உதடு மட்டும் அசைஞ்சுது. ஒண்டு. ரெண்டு. பொறு. விட்டாரு.

கயிறு விழுந்த சத்தமே இல்ல. ஒரு இழு. நிறுத்தம். இன்னொரு இழு. வால் மறஞ்சுது. அவரு தூண்டிலத் தூக்கல. எடது கையால கயித்த நேரா, நெதானமா, ஃபைல் நாடாவ இறுக்குற மாதிரி இழுத்தாரு.

அப்புறம் சக்கரம் அலறுச்சு. கயிறு தண்ணிய அறுத்துக்கிட்டுப் போகுது, அண்ணன் பின்னாலயே தேச்சு தேச்சு போறாரு, ஓடும்போது கூடக் காலத் தூக்கல! பத்து நிமிசமோ பதினஞ்சோ. மீன் சுத்திச் சுத்திக் கிட்ட வந்துச்சு. "வாரும்! கையைக் கொண்டு வாரும்!"

நான் ஓடுனேன். தேச்சு நடக்கணும்கிறது எனக்கு மறந்தே போச்சு. நாலாவது எட்டுல உள்ளங்காலுக்கு அடில வழவழன்னு ஒண்ணு உயிரோட நெளிஞ்சுது. திருக்கையா, நெனப்பா, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. புழுக்கொடியல் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம், நான் மல்லாக்க ஒரு பக்கம். கத்துன கத்துல நாரைங்க பறந்துச்சு.

அவ்வளவு அவசரத்துலயும் அண்ணன் திரும்பிப் பாத்துக் கேட்டாரு: "இது ஆற்றை குரல் தம்பி? இவ்வளவு நாளும் கேக்காத குரலாக் கிடக்கு."

என் சொந்தக் கொரல்தான். நானே அன்னிக்குத்தான் கேட்டேன்.

கலங்குன தண்ணில குனிஞ்சு போனத் தொளாவுனேன். கெடைக்கல. கெடச்சப்ப அதுக்குள்ள தண்ணி நெறஞ்சு, வெளக்கு ஒரு தடவ பச்சையா மின்னி அணைஞ்சுது. நிமிந்து பாத்தா, மீன் அவரு காலுக்குக் கிட்ட ஒருக்களிச்சு கெடக்கு. செவுளு திறந்து திறந்து மூடுது. "வாரும், வாரும்"னாரு. நான் திருக்கை நெனப்புல ரெண்டு காலையும் ஒரே எடத்துல தேச்சுக்கிட்டு நின்னேன்.

அவரு மீனப் பாத்தாரு. வானத்தப் பாத்தாரு. ரெண்டு கைப் பட்டனையும் கழட்டி, முழுக்கைய ஒழுங்கா மூணு மடிப்பு மடிச்சாரு. தூண்டிலக் கக்கத்துல இடுக்கிட்டு, குனிஞ்சு, ரெண்டு கையாலயும் அதத் தூக்கினாரு. முள்ளு ஒரே திருப்புல வந்துருச்சு. ஒடனே விடல. தண்ணிக்குள்ளயே, ஓதம் வர்ற தெசைக்கு அது முகத்தத் திருப்பிப் புடிச்சுக்கிட்டாரு. ஏதோ பேசுனாரு, எனக்குக் கேக்கல. கொஞ்ச நேரத்துல வால் ஒரு வெட்டு வெட்டுச்சு. அவரு மூஞ்சி பூரா தண்ணி. போயிருச்சு.

திரும்பி வர்ற வரைக்கும் வேன்ல ரெண்டு கையையும் ஈரப் பெயின்ட் அடிச்ச மாதிரி ஒடம்புல படாம நீட்டியே வச்சிருந்தாரு. ஐயப்பன் அண்ணன் கண்ணாடில பாத்துப் பாத்து சிரிச்சாரு. ரூமுக்கு வந்து தலைக்குக் குளிச்சிட்டு மொதல் போன் சம்சாரத்துக்கு. வள்ளிநாயகி அக்கா சத்தம் எங்க வரைக்கும் கேட்டுச்சு: "ஆறு நாளும் திண்டுபோட்டு ஏழாம் நாள் ஒண்டைக் காப்பாத்தி விட்டதுக்கு அம்மன் கோவிக்கிறாவே? போய்ச் சாப்பிடுங்கோ!"

அம்மன் விசயம் முடிஞ்சுது. பார்க்கின் விசயம்? போட்டோ இல்ல.

ஐயப்பன் அண்ணன் யோசன சொன்னாரு: "நாளைக்கு சனிக்கெழம. மீன் மார்க்கெட்ல ஒரு ஷேரி வாங்குவோம். தண்ணில நில்லு, கையில புடி, ஒரு போட்டோ. அப்புறம் அத என்கிட்டக் குடு." டப்பாவ எடுத்துக் காமிச்சாரு.

நான் வேற யோசன சொன்னேன். கோஸ்ட் கார்டு ஆபீசர் கொரல்ல பார்க்கினுக்குப் போன் பண்ணி, "வல்லாஹி, சத்தியமா நானே கண்ணால பாத்தேன்"னு சாட்சி சொல்றேன்னு.

"போன கிழமை எண்டா ஓம் எண்டிருப்பன். உம்மட கையை என்ரை கையெண்டு அனுப்பப் பாத்த ஆள்தானே நான். இப்ப ஏலாது தம்பி. உண்மையான மீனைப் பிடிச்சுப்போட்டு, பொய்ப் பேப்பரை ஃபைல் பண்ணச் சொல்லுறியளோ?"

செவ்வாய்க்கெழமை தூண்டிலத் தொடச்சு, கழட்டி, கொழாய்ல போட்டு மூடுனாரு. மேல ஒரு சீட்டு: 'திருப்பி ஒப்படைக்கப்படுகிறது.' நம்பர் போட்டாரு. கையெழுத்துப் போடுற எடத்துல பேனா கொஞ்ச நேரம் நின்னுச்சு. சாயங்காலம் பழுப்புப் பூனை மணல்ல வந்து உக்காந்து பாத்துட்டுப் போச்சு.

புதன்கெழமை சாயங்காலம் நான் குபூஸ் ரொட்டி வாங்கக் கீழ போயிருந்தேன். திரும்பிப் படி ஏறும்போதே எங்க ரூம்லேர்ந்து இங்கிலீஷ் சத்தம். வல்லிபுரம் அண்ணன் கத்தி நான் கேட்டதே இல்ல. தமிழ்ல சொன்னா இப்படி:

"கேளும், மிஸ்டர் போலிப் பார்க்கின்! எனி ஃபிஷ்ஷோ? மீன் பிடிச்சது நான்! வெள்ளிக்கிழமை, இந்த ரெண்டு கையாலயும் பிடிச்சது நான்! படம் எடுக்க வந்த குரங்கு தண்ணியிலை விழுந்தது! உம்மட பார்க்கினுக்குப் போய்ச் சொல்லும், தூண்டிலைக் கட்டி வச்சிருக்கிறன், வந்து எடுக்கட்டும், ஆனா அந்த மீன் என்ரை!"

நான் கதவத் தொறந்தேன். கையில குபூஸ். வாயில, பழகிப் போன தோசம், புழுக்கொடியல். பேச முடியாது.

அவரு என்னப் பாத்தாரு. என் வாயப் பாத்தாரு. ரிசீவரப் பாத்தாரு. ரிசீவர் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு, தோஹாவுலேர்ந்து, மூக்கு வழியா.

அண்ணன் எழுந்து நின்னாரு. சாரத்த எறக்கி விட்டாரு. "எஸ் சார். சாரி சார். போட்டோ மாஃபி சார், நோ போட்டோ."

அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்வி. கிட்ட நின்ன எனக்கும் கேட்டுச்சு: "முகம் எப்படி இருந்துச்சு வல்லி?"

அண்ணன் கண்ண மூடிக்கிட்டு சொன்னாரு. கண்ணுக்குக் கீழ நீலக் கோடு சார். மூணு. பால்பாயின்ட் பேனாவால கீறின மாதிரி. அங்கங்க புள்ளி. தண்ணிக்கு மேல கொஞ்சம் கூடுதலா வச்சிருந்தா மங்கத் தொடங்குது, அதனால கீழ எறக்கிட்டேன் சார்.

பெறகு பார்க்கின் சொன்னத அண்ணன் எங்களுக்கு ரெண்டு தடவ சொன்னாரு. ஐஸ்ல கெடக்குற மார்க்கெட் மீன்ல அந்த நீலம் இருக்காதாம். செத்ததும் அழிஞ்சு போயிருமாம். உயிரோட கையில புடிச்சவனுக்குத்தான் தெரியுமாம். ஃப்ரெண்டு நாளைக்கு வரமாட்டான்.

ஐயப்பன் அண்ணன் டப்பாவத் தூக்கி அலமாரில வச்சிட்டு, "போய்யா, என் பிரஷ் போனது போனதுதான்"னாரு. அண்ணன் கொழாய்ல ஒட்டுன சீட்டக் கிழிக்கல. குறுக்க ஒரு கோடு போட்டு, 'ரத்து'ன்னு எழுதி, தேதி போட்டு, ஃபைல்ல வச்சாரு. பெறகு தூண்டில வெளிய எடுத்துக்கிட்டு மணலுக்குக் கெளம்புனாரு. பூனை ஏற்கெனவே அங்க.

நான் ஒரு வழியா புழுக்கொடியல முழுங்கிட்டு, பின்னாலயே போய் சீண்டுனேன்: "அண்ணே, முகத்தத்தான் பாத்தாச்சே! இனிமே காலங்காத்தால எதச் சொல்லிப் புலம்புவீங்க?"

கயித்தப் பின்னால வீசி, அது முழுசா விரியிற வரைக்கும் பொறுத்து, முன்னால விட்ட பெறகுதான் அவரு வாயத் தொறந்தாரு:

"ஓம் தம்பி, முகத்தைப் பாத்திட்டன். கண்ணுக்குக் கீழ கோடு கீறி, வாயைப் பிதுக்கிக்கொண்டு, லீவு கேக்கப் போனா சிவசங்கரன் சார் பாக்கிற அதே பார்வை. மூண்டு வருசம் இதுக்கே அந்தரப்பட்டனான்? வால்தான் வடிவு!"